மரம் தேய்க்கும் இயந்திரம்: வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்ப்போம்



தச்சுப் பட்டறை ஒன்றில் நாம் கண்ட ஒரு மேசையிலிருந்து இப்பாடத்தைத் தொடங்குவோம். நல்ல தேக்குப் பலகை. பொருத்துக்கள் இறுக்கமாக இருந்தன. கால்கள் நான்கும் ஆட்டமின்றி நின்றன. ஆனால் வார்னிஸ் பூசியதும் மேற்பலகை முழுவதும் சிறு சிறு சுருள்களாகக் கீறல்கள் தெரியத் தொடங்கின. பூசுவதற்கு முன் அவை எவர் கண்ணிலும் படவில்லை. வாங்க வந்தவர் பொருத்தைப் பார்க்கவில்லை. கீறலைப் பார்த்தே விலையைக் குறைத்தார். மேசையைச் செய்தவர் தாம் புதிதாக வாங்கிய தேய்ப்பு இயந்திரத்தைக் குறை கூறினார். இயந்திரத்தில் பிழை இருக்கவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

காணியை விட்டு வந்த குடும்பங்கள் பல இன்று தச்சுவேலையை நம்பி வாழ்கின்றன. கமக்காரனுக்கு மரவேலை முற்றிலும் புதியதன்று. மண்வெட்டிக்குப் பிடி போட்டவர்களும், வண்டில் திருத்தியவர்களும், படலை செய்தவர்களும் நம்மிடையே உள்ளனர். ஆனால் வீட்டுக்குச் செய்யும் படலை வேறு. விலைக்குச் செய்யும் கதவும் கதிரையும் வேறு. விலைக்குச் செய்யும் பொருளில் வாங்குபவரின் கண்ணும் கையும் முதலில் படுவது மேற்பரப்பிலேயே ஆகும். ஆகவே சிறிது பணம் சேர்ந்ததும் பலர் முதலில் வாங்க நினைப்பது தேய்ப்பு இயந்திரம். அதனைச் சாண்டர் என்றே கடையில் கேட்கிறோம். எந்தச் சாண்டர் நமக்குப் பொருத்தமானது, கடையில் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படிக் கையாள்வது என்பவற்றை இப்பாடத்தில் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. தேய்ப்பதற்கு உள்ள வழிகள்

(அ) கையும் கட்டையும்: மட்டமான சிறு மரக்கட்டை ஒன்றில் அரத்தாளைச் சுற்றி, மரத்தின் இரேகை ஓடும் திசையில் தேய்ப்பது. செலவு மிகக் குறைவு. கதிரைக் கால், வளைந்த கைபிடி, சட்டத்தின் உள்மூலை ஆகியவற்றுக்கு இன்றும் இதுவே சிறந்தது. அகன்ற பலகைக்குத்தான் நேரமும் தோள்வலியும் அதிகம்.

(ஆ) சதுரச் சாண்டர்: இதன் அடிப்பலகை நாற்சதுரமானது. அது சுழலாது, மிகச் சிறிய வட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து தேய்க்கும். மகீற்றா நிறுவனத்தின் பீ.ஓ. 4556 என்ற வகை 200 வாற் வலுவுடையது. நிமிடத்துக்கு 14,000 தடவை அதிர்வது. 230 மி.மீ.க்கு 280 மி.மீ. அளவான சாதாரண அரத்தாளை நான்காக வெட்டி, ஒரு துண்டை இதில் பூட்டலாம். மூலைவரை எட்டும். வேலைதான் மெதுவாக நடக்கும்.

(இ) பட்டிச் சாண்டர்: இரு உருளைகளில் அரத்தாள் பட்டி ஓடிக்கொண்டிருக்கும். மேடுபள்ளமான பலகையை விரைவில் மட்டமாக்கும். ஆனால் ஓரிடத்தில் சற்று நின்றாலும் பள்ளம் விழும். பழகாத கையில் ஒரு பலகையைச் சில விநாடிகளில் கெடுத்துவிடும்.

(ஈ) கிறைண்டரில் அரத்தாள்: இரும்பு வெட்டும் கிறைண்டரில் அரத்தாள் தட்டைப் பூட்டிப் பலர் மரம் தேய்க்கின்றனர். இயந்திரம் ஏற்கெனவே கையில் இருப்பதே காரணம். நல்ல முடிப்பு வேலைக்கு இது உகந்ததன்று. ஏன் என்பதைக் கீழே விளக்குவோம்.

(உ) வட்டச் சாண்டர்: முழுப்பெயர் ரண்டம் ஓபிற்றல் சாண்டர். பெரும்பாலும் 125 மி.மீ. அல்லது 150 மி.மீ. குறுக்களவுள்ள வட்டத் தட்டுடன் வரும். இப்பாடத்தின் பெரும்பகுதி இதனைப் பற்றியதே.

2. வட்டச் சாண்டர் எப்படித் தேய்க்கிறது?

இதன் தட்டு மோட்டார்த் தண்டின் நடுவில் பூட்டப்படுவதில்லை; நடுவிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக விலக்கி, ஒரு பெயறிங்கின்மேல் பூட்டப்பட்டுள்ளது. மோட்டார் சுற்றும்போது தட்டு முழுவதும் 2.5 மி.மீ. அளவான சிறு வட்டத்தில் மிக வேகமாக அசைகிறது. இது முதலாவது அசைவு. பெயறிங்கின் இழுவையால் தட்டு தானாகவும் மெல்லச் சுழல்கிறது. இது இரண்டாவது அசைவு. இவ்விரண்டும் கலப்பதால் அரத்தாளின் எந்தத் துகளும் சென்ற வழியே மறுபடி செல்வதில்லை. கீறல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு போகின்றன. இரேகைக்குக் குறுக்கே கொண்டு சென்றாலும் பெரிய அடையாளம் விழாதிருப்பதன் இரகசியம் இதுவே.

இப்போது கிறைண்டரைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 மி.மீ. தட்டு நிமிடத்துக்கு 11,000 தடவை சுழன்றால், அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 57 மீற்றர் வேகத்தில் மரத்தை அராவுகிறது. வட்டச் சாண்டரில் 2.5 மி.மீ. வட்டம் நிமிடத்துக்கு 12,000 தடவை என்றால், துகளின் வேகம் விநாடிக்கு சுமார் ஒன்றரை மீற்றர்தான். ஒன்று கிளறுகிறது; மற்றது வருடுகிறது. கிறைண்டர் தேய்த்த பலகையில் பிறை வடிவான தழும்புகள் விழுவதற்கும், அத்தழும்பை எடுக்கப் பின்னர் அரைநாள் செலவாவதற்கும் இதுவே காரணம்.

ஒன்றை மறவாதீர்கள். வட்டச் சாண்டரைப் பலமாக அழுத்தினால் தட்டின் சுழற்சி நின்றுவிடும். சிறு வட்ட அசைவு மட்டுமே எஞ்சும். அப்போது ஒரே சுருள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும். மேலே சொன்ன மேசையில் நடந்தது இதுதான். விரைவில் முடிக்க எண்ணி அழுத்தியவருக்கு வேலை இரட்டிப்பாயிற்று.

3. கடையில் ஒப்பிடும்போது

நமது வேலைக்குப் பொருந்தும் 125 மி.மீ. வகையில் மூன்றை எடுத்துக்கொள்வோம். பொஷ் நிறுவனத்தின் ஜீ.ஈ.எக்ஸ். 125-1 ஏ.ஈ. 250 வாற், அசைவு வட்டம் 2.5 மி.மீ.; வேகம் நிமிடத்துக்கு 7,500 முதல் 12,000 வரை. மகீற்றாவின் பீ.ஓ. 5031 300 வாற். அசைவு வட்டம் 2.8 மி.மீ.; வேகம் 4,000 முதல் 12,000 வரை. டிவோல்ற்றின் டீ.டபிள்யூ.ஈ. 6423 280 வாற். வேகம் 8,000 முதல் 12,000 வரை.

இவ்விலக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். வலுவிலும் அசைவிலும் இவை ஏறக்குறைய ஒன்றே. 250 வாற்றுக்கும் 300 வாற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கை உணர்வது அரிது. வேகத்தை மிகக் குறைக்க முடிவது மகீற்றாவில் ஒரு நன்மை. பழைய பூச்சின்மேல் தேய்க்கும்போது சூட்டினால் பூச்சு இளகித் தாளில் அப்பிக்கொள்வது குறையும். எனவே “எத்தனை வாற்?” என்று கேட்டு விலை பேசுவதில் பயன் குறைவு. கீழ்வரும் ஐந்தையும் கேளுங்கள்.

முதலாவது, உதிரிப்பாகம். அடித்தட்டும் காபன் பிறஸும் தேய்ந்து போகிறவை. அவை நீங்கள் போய்வரக்கூடிய நகரத்தில் கிடைக்குமா? கிடைக்காதாயின் மலிவான இயந்திரமும் ஓரிரு வருடத்தில் வெறும் பாரமாகிவிடும்.

இரண்டாவது, தட்டின் தடுப்பு. ஓடும் இயந்திரத்தை மரத்திலிருந்து மெல்ல உயர்த்திப் பாருங்கள். நல்ல இயந்திரத்தில் தட்டைச் சுற்றியுள்ள றப்பர் வளையம் அதனை அடக்கி வைத்திருக்கும். தடுப்பில்லாத, அல்லது வளையம் தேய்ந்த இயந்திரத்தில் தட்டு விசிறிபோல வேகமெடுக்கும். அப்படியே மரத்தில் வைத்தால் வைத்த இடத்தில் ஒரு பிறைத் தழும்பு விழும். அத்தகைய இயந்திரத்தை மரத்தின்மேல் வைத்த பின்னரே இயக்க வேண்டும்.

மூன்றாவது, தூசு வழி. அடித்தட்டிலுள்ள துளைகள் வழியாகத் தூசு பைக்குள் இழுக்கப்படுகிறது. 125 மி.மீ. தட்டில் எட்டுத் துளைகள் இருப்பது வழக்கம். பையைக் கழற்றிவிட்டுத் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயைப் பூட்ட முடியுமா என்றும் பாருங்கள்.

நான்காவது, தாள். வட்டத் தாள் வெல்க்றோ முறையில் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அது தனியாக வாங்க வேண்டியது; சாதாரண அரத்தாளைவிட விலை கூடியது. இயந்திரத்தின் விலையைக் கேட்குமுன் பத்து வட்டத் தாளின் விலையைக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை கதவு, எத்தனை கதிரை செய்வீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாட்டை வாங்குபவன் மாட்டின் விலையோடு வைக்கோலின் விலையையும் எண்ணுவான் அல்லவா? இதுவும் அப்படியே.

ஐந்தாவது, கைக்கு இதம். இவ்வகை இயந்திரம் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நிறையுடையது. சில நிமிடம் பிடித்துப் பாருங்கள். விரல் மரத்துப் போகும் அளவுக்கு அதிர்வது நாள் முழுவதும் வேலை செய்ய உதவாது.

150 மி.மீ. தட்டு 125 மி.மீ. தட்டைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பரப்பை ஒரே தடவையில் மூடும். பெஸ்ரூல் நிறுவனத்தின் ஈ.ரீ.எஸ். 150 வகை, அசைவு வட்டம் 3 மி.மீ. ஆகவும் 5 மி.மீ. ஆகவும் தனித்தனியே வருகிறது. 5 மி.மீ. விரைவாக அராவும், 3 மி.மீ. நுணுக்கமாக முடிக்கும். கதவும் கட்டிலும் நாளாந்தம் செய்யும் பெரிய பட்டறைக்கு இவை தகும். ஒரு குடும்பத்தின் முதல் இயந்திரமாக இதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம். காற்றில் இயங்கும் சாண்டர் இலேசானது. ஆனால் இடைவிடாது காற்றுத் தரும் பெரிய கொம்பிறெசர் வேண்டும். ஆகவே அதையும் விட்டுவிடலாம்.

4. மின்சாரத்தைக் கவனியுங்கள்

நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். அமெரிக்காவில் 120 வோல்ற். அந்நாடுகளில் பாவிக்கப்பட்ட இயந்திரம் மலிவாகக் கிடைத்தால், அதன் தகட்டில் உள்ள வோல்ற் இலக்கத்தை வாசியாமல் வாங்காதீர்கள். நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். மின்குறைப்பான் ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டுமாயின் அதன் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

300 வாற் இயந்திரம் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் முழு வலுவில் ஓடினாலும் செலவாவது 1.2 அலகு மின்சாரமே. சிறிய ஜெனறேற்றரும் இதனை இயக்கும்.

பற்றரியில் இயங்கும் சாண்டர் மின்சாரம் இல்லாத இடத்துக்கு ஏற்றதாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். 18 வோல்ற், 5 அம்பியர்-மணிப் பற்றரியில் உள்ளது 90 வாற்-மணி. இயந்திரம் 180 வாற் இழுத்தால் அரை மணி நேரத்தில் பற்றரி இறங்கிவிடும். துளையிடும் இயந்திரம் விட்டு விட்டு ஓடுவது. சாண்டர் இடைவிடாது ஓடுவது. ஆகவே பற்றரி, துளைப்பதற்கு உதவும் அளவுக்குத் தேய்ப்பதற்கு உதவாது. வயர் உள்ளதையே வாங்குங்கள்.

5. தாளின் இலக்கம்

அரத்தாளின் பின்புறம் 80, 120, 180 என்று இலக்கம் இருக்கும். இவ்விலக்கங்கள் அரிதட்டுக் கணக்கிலிருந்து வந்தவை. அரிதட்டின் கண்கள் கூடக் கூட மா மென்மையாவது போல, இலக்கம் கூடக் கூடத் துகள் சிறிதாகும். பீ. 80 என்ற தாளின் துகள் சுமார் 0.2 மி.மீ.; பீ. 120 இல் 0.125 மி.மீ.; பீ. 180 இல் 0.08 மி.மீ. அளவு.

முதல் தாள் பலகையை மட்டமாக்குகிறது. அடுத்த தாளின் வேலை பலகையை மட்டமாக்குவதன்று. முன்னைய தாள் விட்ட கீறலை அழிப்பது. வயலில் முதல் உழவின் கட்டியை மறு உழவு உடைக்கிறது. பின்னரே பலகை அடிக்கிறோம். கட்டி உடையாத வயலில் பலகை அடித்துப் பயன் உண்டா? அதுபோல 80 இலிருந்து நேரே 220 க்குத் தாவினால் 80 இன் கீறல் அடியில் அப்படியே கிடக்கும். வார்னிஸ் பூசியதும் வெளிப்படும்.

சீவுளி போட்ட பலகைக்கு 80, 120, 180 என்ற மூன்று போதும். நன்றாகச் சீவிய பலகையாயின் 120 இலேயே தொடங்கலாம். வார்னிஸ் பூசும் தளபாடத்துக்கு 180 அல்லது 220 க்கு மேல் தேய்ப்பது வீண் செலவு.

தாளில் தூள் அடைத்தால் வெட்டு மந்தமாகும். நமது நாட்டிலேயே உற்பத்தியாகும் கிறேப் றப்பர்த் துண்டு ஒன்றை, ஓடும் தட்டின்மேல் மெல்லப் பிடித்தால் தூள் கழன்றுவிடும். தாள் மேலும் சில நாள் உழைக்கும். அடைபடாமலே வெட்டு மங்கிய தாளை வீசிவிடுங்கள். தேய்ந்த தாளால் அழுத்தித் தேய்ப்பது மொட்டைக் கத்தியால் நெல் அறுப்பது போன்றது.

6. வேலை செய்யும் ஒழுங்கு

(1) பழைய கதவு, யன்னல் எனின் ஆணி முழுவதையும் பிடுங்குங்கள். போர் நடந்த இடங்களில் நின்ற மரத்தில் இரும்புத் துண்டுகள் புதைந்திருக்கக்கூடும். வாளோ சீவுளியோ போடுமுன் பலமான காந்தத்தைப் பலகையில் மெல்ல ஓட்டிப் பாருங்கள்.

(2) பலகையின்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் இலேசாகக் கீறுங்கள். எல்லாக் கோடும் ஒருமிக்க மறையும்வரை தேயுங்கள். ஒவ்வொரு புதிய தாளுக்கும் இப்படியே செய்யுங்கள். எந்த இடம் விடுபட்டது என்பதைப் பென்சில் கோடே காட்டித்தரும்.

(3) இயந்திரத்தின் பாரமும் கையின் பாரமும் போதும். மேலதிகமாக அழுத்த வேண்டாம்.

(4) விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் மெல்ல நகர்த்துங்கள். ஒரு மீற்றர் நீளத்துக்கு நாற்பது விநாடி செல்லும். ஒவ்வொரு வரியும் முன் வரியின் பாதியை மூட வேண்டும். முப்பது சென்ரிமீற்றர் அகலமான பலகைக்கு ஐந்து வரி. அதாவது ஒரு தாளுக்கு மூன்றரை நிமிடம் வரை. மூன்று தாளுக்கும் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூட. பொறுமையின் முழு விலையும் இவ்வளவுதான்.

(5) இயந்திரத்தைச் சரிக்க வேண்டாம். விளிம்பில் தட்டின் பாதிக்குமேல் வெளியே போகவிடாதீர்கள்; விளிம்பு உருண்டுவிடும்.

(6) தாள் மாற்றுமுன் பலகையை நன்றாகத் துடையுங்கள். முன்னைய தாளின் ஒரு துகள் அகப்பட்டாலும் அது புதிய தாளின் கீழ் சுருள் போட்டுக்கொண்டே இருக்கும்.

(7) முடிவில் கடைசித் தாளின் அதே இலக்கத்தைக் கட்டையில் சுற்றி, இரேகையின் திசையில் கையால் சில தடவை இழுங்கள். பின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். வாங்குபவர் காணுமுன் நாமே கண்டுவிட வேண்டும்.

7. தூசு: விலைச்சிட்டையில் இல்லாத செலவு

மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வகைப்படுத்தியது. மூக்கிலும் மூக்கைச் சூழ்ந்த எலும்புக் குழிகளிலும் அந்நோய் வருகிறது. பல வருடங்கள் தூசைச் சுவாசித்த தளபாடத் தொழிலாளரிடையே அது கண்டறியப்பட்டது. இதைவிட ஆஸ்துமா, தோல் அரிப்பு என்பனவும் உண்டு. நாம் விரும்பிப் பாவிக்கும் முதிரை மரத்தின் தூள் சிலருடைய தோலில் கடியையும் புண்ணையும் ஏற்படுத்தும்.

வாளின் தூள் கீழே விழும். சாண்டரின் தூசு காற்றில் மிதக்கும். கண்ணுக்குத் தெரியும் தூசைவிடத் தெரியாத தூசே நெஞ்சுக்குள் ஆழமாகச் செல்கிறது. இயந்திரத்தின் பை அனைத்தையும் பிடிப்பதில்லை.

எனவே தேய்ப்பை வெளியில் செய்யுங்கள். நெல் தூற்றும்போது காற்றின் திசை பார்த்து நிற்கிறோமே, அதே ஒழுங்கில் தூசு உங்களைவிட்டு அப்பால் போகும் பக்கமாக நில்லுங்கள். என் 95 அல்லது எப்.எப்.பி. 2 என்று குறிக்கப்பட்ட முகக்கவசத்தை மூக்கோடு ஒட்டும்படி அணியுங்கள். லேஞ்சியைக் கட்டுவது போதாது. தாளின் துளையும் தட்டின் துளையும் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பையை அரைவாசி நிரம்பியதும் வெறுமையாக்குங்கள்.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். தறப்பாளின் கீழோ ஓர் அறை வீட்டிலோ சமைப்பதும் உறங்குவதும் தேய்ப்பதும் ஒரே இடத்தில் நடப்பதைக் கண்டிருக்கிறோம். வேலைசெய்பவர் சில மணி நேரமே தூசில் நிற்கிறார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையோ நாள் முழுவதும் அதிலேயே கிடக்கிறது. வேலை உடுப்பை வெளியே உதறிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.

பழைய கதவின் பூச்சில் ஈயம் இருக்கலாம். ஈயத்தூசு சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அத்தகைய பூச்சை இயந்திரத்தால் தேய்க்க வேண்டாம். தண்ணீரால் நனைத்து, சுரண்டியால் ஈரமாகவே சுரண்டி எடுத்து, கழிவைக் கடதாசியில் பொதிந்து அகற்றுங்கள்.

8. யாருக்கு எது?

மாதத்துக்கு ஓரிரண்டு பொருள் செய்பவருக்குக் கட்டையும் அரத்தாளும் நல்லதொரு சீவுளியும் போதும். யன்னல் சட்டம், சிறு பெட்டி போன்றவற்றை ஒழுங்காகச் செய்பவருக்குச் சதுரச் சாண்டர் சிக்கனமானது. கதவு, மேசை, கட்டில் என அகன்ற பரப்பில் வேலை கிடைத்துக்கொண்டிருப்பவருக்கு 125 மி.மீ. வட்டச் சாண்டர் கொடுத்த பணத்தைத் திரும்பத் தரும். அதனையும் கடன்பட்டு வாங்குமுன் அயலில் உள்ள ஒருவரிடம் வாடகைக்கோ இரவலாகவோ பெற்று ஒரு கதவு செய்து பாருங்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி முறை வைத்துப் பாவிக்கலாம். தாளை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்வது பிணக்கைத் தவிர்க்கும்.

முதலில் கூறிய மேசைக்கு நடந்ததையும் சொல்லி முடிப்போம். அவர் வார்னிஸைச் சுரண்டி எடுத்து, 120 இல் மறுபடி தொடங்கி, அழுத்தாமல், பென்சில் கோடு பார்த்து, 180 இல் முடித்தார். அதே இயந்திரம், அதே கை. சுருள் ஒன்றும் இல்லை.

கலந்துரையாடலுக்கு

1. நமது குழுவில் மாதத்துக்கு எத்தனை பொருட்கள் செய்யப்படுகின்றன? அவற்றில் அகன்ற பரப்புள்ளவை எத்தனை?

2. அருகிலுள்ள நகரத்தில் எந்தச் சாண்டரின் தட்டும் காபன் பிறஸும் கிடைக்கின்றன? பத்து வட்டத் தாளின் விலை என்ன?

3. நமது வீடுகளில் தேய்ப்பு வேலை எங்கே நடக்கிறது? பிள்ளைகள் உறங்கும் இடத்திலிருந்து அது எத்தனை அடி தூரம்? அதனை மாற்ற இவ்வாரம் என்ன செய்யலாம்?